கருங்கை நாக்கு மீன்: டர்பன் பக்கத்துக் கழிமுகங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெரிபேங்க், இசிபிங்கோ பக்கம் சனி ஞாயிறு தூண்டில் எடுத்துக்கொண்டு கிளம்புகிற நம்மவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்களில் பாதிக்கு ஒரே கேள்விதான்: "அண்ணா, இது என்ன மீன்?" படத்தில் உள்ளங்கை அளவுக்குப் பழுப்பாக, தட்டையாக, இரண்டு கண்ணும் ஒரே பக்கமாக ஒன்று கிடக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதை விட மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். இது தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டால் கரையை மனதில் வைத்து எழுதியது. கேப் பக்கம் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

நான் அனுப்பிய படத்தில் இருப்பது எது?

சேற்றுக் கழிமுகத்தில் கிடைத்தது, ஒரு சாண் கூட இல்லை, கண்கள் வலப்பக்கம், வால் தனியாகத் தெரிகிறது, செவுளுக்குப் பின்னால் இருக்கும் சின்னத் துடுப்பில் கறுப்புத் திட்டு என்றால், அது பிளாக்ஹேண்ட் சோல் (சோல் என்றால் நாக்கு மீன்). நான் இங்கே கருங்கை என்று எழுதுகிறேன். அறிவியல் பெயர் சோலியா டர்பினெய், 1904-இல் கில்கிரைஸ்ட் வைத்தது. பழைய புத்தகங்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் இதே மீன் சோலியா பிளீக்கெரி என்ற பெயரில் இருக்கும், அதைப் பார்த்து வேறு மீன் என்று நினைத்துவிடாதீர்கள்.

அதிகபட்சம் 17 சென்டிமீட்டர் வரைதான் வளரும். கழிமுகத்தில் நம் கைக்கு வருவது பெரும்பாலும் அதில் பாதிதான்.

கறுப்புக் கை எங்கே? என் படத்தில் காணவே இல்லையே.

இருக்கும். மடங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

'கை' என்பது மார்புத் துடுப்பு, செவுள் திறப்புக்கு நேர் பின்னால் இருக்கிறது. தண்ணீரை விட்டு எடுத்த உடனே மீன் அதை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளும், மேலே சளி வேறு மூடிவிடும். அப்போது மேலிருந்து படம் எடுத்தால் ஒரு கோடு மாதிரிதான் தெரியும். வெள்ளைத் தட்டில் கால் அங்குலம் கடல்தண்ணீர் ஊற்றி, மீனைக் கண் மேலே இருக்கும்படி விட்டு, ஈரமான விரல் நுனியால் செவுளின் பின்பக்கத்திலிருந்து வால் பக்கமாக இல்லாமல் மெதுவாக வெளிப்பக்கமாகத் தள்ளினால் துடுப்பு விரியும். மெல்லிய கதிர்கள், அவற்றுக்கு நடுவே கண்ணாடி மாதிரி சவ்வு, அதன் மேல் மை கொட்டியது போல் கறுப்பு. மிகச் சின்னக் குஞ்சில் கறுப்பு மங்கலாக இருக்கும், அதற்கு ஒரு லென்ஸ் கைவசம் இருந்தால் நல்லது. போன் கேமராவை அருகே கொண்டுபோய் வைத்தாலும் போதும்.

கீழ்ப்பக்கத்திலும், அதாவது கண் இல்லாத வெள்ளைப் பக்கத்திலும் ஒரு மார்புத் துடுப்பு உண்டு. அது சின்னது. அதைப் பார்த்துவிட்டுக் கறுப்பு இல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. கண் இருக்கும் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

வலப்பக்கக் கண், இடப்பக்கக் கண் என்று சொல்கிறீர்கள். தட்டையான மீனில் எது வலது, எது இடது?

எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான், அதனால் பொறுமையாகச் சொல்கிறேன்.

முதலில் முதுகு எது, வயிறு எது என்று தெரிய வேண்டும். மீனைச் சுற்றி இரண்டு ஓரங்களிலும் துடுப்பு ஓடுகிறது அல்லவா? ஒரு ஓரத்துத் துடுப்பு மூக்கு வரைக்கும் போய் நிற்கும். அது முதுகு. மற்ற ஓரத்தில் துடுப்பு செவுளைத் தாண்டித்தான் தொடங்கும், ஏனென்றால் அங்கே குடல் இருக்கிறது. அது வயிறு. இப்போது கண்கள் மேலே பார்க்க, வயிற்று ஓரம் உங்கள் பக்கம் வரும்படி மீனை வையுங்கள். தலை உங்கள் வலது கைப்பக்கம் இருந்தால் வலக்கண் மீன். இடது கைப்பக்கம் இருந்தால் இடக்கண் மீன்.

சோல் குடும்பம் முழுக்க வலக்கண். நாக்குச் சோல் என்கிற கூம்பு வால் குடும்பமும், பெரிய வாய் உள்ள ஃபிளவுண்டர் என்கிற தட்டை மீன்களில் நம் கரையில் அதிகம் கிடைப்பவையும் இடக்கண். எருமை நாக்கு என்று தமிழ்நாட்டுக் கரையில் அழைக்கும் செட்டோடஸ் மட்டும் விதிவிலக்கு. அதில் வலக்கண்ணும் உண்டு, இடக்கண்ணும் உண்டு, ஏறக்குறைய சரிபாதி. ஆனால் அது பெரிய மீன், வாய் நிறையப் பல், முதுகுத் துடுப்பு கண்ணைத் தாண்டித் தள்ளித்தான் தொடங்கும். கருங்கையோடு குழப்பம் வராது.

படம் அனுப்பும்போது செல்ஃபி கேமராவில் எடுக்காதீர்கள். சில போன்கள் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிச் சேமித்துவிடும், வலக்கண் இடக்கண்ணாகிவிடும். அப்புறம் நான் இல்லாத மீனுக்குப் பெயர் சொல்லிக்கொண்டிருப்பேன்.

எந்தெந்த மீனோடு இதைக் குழப்பிக்கொள்வார்கள்?

அதிகம் குழப்பம் வருவது கேப் சோலோடுதான். ஹெட்டரோமிக்டெரிஸ் கபென்சிஸ். அதுவும் சின்னது, அதுவும் வலக்கண், அதுவும் கழிமுகத்தில் வரும், நமீபியா பக்கத்திலிருந்து மொசாம்பிக் வரைக்கும் கரையோரம் இருக்கிறது. ஆனால் இரண்டு விஷயம் பார்த்தால் முடிந்தது. அதற்கு மார்புத் துடுப்பே கிடையாது, விரித்துப் பார்க்க ஒன்றுமே இருக்காது. அப்புறம் அதன் மூக்கு முன்னால் நீண்டு வாயின் மேல் கிளி அலகு மாதிரி வளைந்து தொங்கும். கீழ்ப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் அந்த வளைவு இன்னும் தெளிவாகத் தெரியும். கருங்கையின் மூக்கு வெறுமனே உருண்டையாக இருக்கும்.

அடுத்தது நாக்குச் சோல் வகைகள், சைனோகுளோசஸ், பாராபிளகூசியா எல்லாம். உடம்பு நீளமாகப் போய் வால் கூராக முடியும். முதுகுத் துடுப்பும் வயிற்றுத் துடுப்பும் வால் துடுப்போடு கலந்து ஒரே ஓரமாக ஓடும். மார்புத் துடுப்பு இல்லை. இடக்கண். கண் பக்கத்தில் பக்கக்கோடு, அதாவது உடம்பின் நீளவாட்டில் தெரியும் கோடு, ஒன்றுக்கு மேல் ஓடும், இரண்டோ மூன்றோ, கருங்கையில் ஒன்றுதான். பாராபிளகூசியாவாக இருந்தால் உதட்டில் குஞ்சம் தொங்குவதைக் காணலாம். வால் கூரா, தனியா என்று பார்த்தாலே இந்தக் கூட்டத்தை ஒதுக்கிவிடலாம்.

ஃபிளவுண்டர் குஞ்சுகளும் கூடவே வரும். டர்பன் துறைமுக விரிகுடாவிலும் மற்றக் கழிமுகங்களிலும் சாதாரணமாகக் கிடைப்பது சூடோரோம்பஸ் ஆர்சியஸ். இது 45 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது, நாம் பார்ப்பது பெரும்பாலும் அதன் சின்னப் பருவம். இடக்கண், வாய் பெரிது, பல் தெரியும், பக்கக்கோடு மார்புத் துடுப்புக்கு மேலே வில்லாக வளைந்து பிறகு நேராகும். சோலில் அந்த வளைவு இல்லை. சோலின் வாய் சின்னதாக, ஒரு பக்கமாகக் கோணியிருக்கும். நேருக்கு நேர் பார்த்தால் ஏதோ பிடிக்காததைச் சாப்பிட்ட முகம்.

வரிக்குதிரை மாதிரி பட்டை போட்டிருந்தால் அது ஸீப்ரா சோல், கேள்வியே இல்லை.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பார்டாகிரஸ் மார்மோரட்டஸ், மோசஸ் சோல் என்பார்கள். செங்கடலிலிருந்து டர்பன் வரைக்கும் இருக்கிறது. 26 சென்டிமீட்டர் வரை வளரும், உடம்பெல்லாம் புள்ளியும் வளையமும். முதுகு, வயிற்றுத் துடுப்புகளின் அடியில் வரிசையாகச் சின்னத் துளைகள் இருக்கும், அழுத்தினால் பால் மாதிரி வெள்ளையாக வடியும். அது நஞ்சு. 1970-களில் யூஜினி கிளார்க் என்ற மீனியல் அறிஞர் செங்கடலில் இதைச் சுறாக்களிடம் காட்டிச் சோதித்தபோது, கடிக்க வந்த சுறா வாயை மூட முடியாமல் விலகிப் போனது. நம் கையில் ஒட்டினால் கழுவிவிட்டுக் கண்ணைத் தொடாமல் இருந்தால் போதும். சட்டிக்கு மட்டும் கொண்டுபோக வேண்டாம்.

நிறத்தை வைத்துச் சொல்ல முடியாதா?

முடியாது. தரைக்கு ஏற்ப மாறும். கறுத்த சேற்றில் கறுப்பாகவும், அதே மீனை வெளிர் மணலுள்ள வாளியில் விட்டால் சற்று நேரத்தில் வெளுத்தும் இருக்கும். செத்தால் இன்னொரு நிறம். உடம்பில் இருக்கும் மங்கலான புள்ளிகளும் அப்படித்தான், ஒன்றில் தெரியும் மற்றொன்றில் தெரியாது. நிறத்தை மட்டும் வைத்து யாராவது உறுதியாகப் பெயர் சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள், நான் சொன்னாலும்கூட.

இது கடையில் விற்கிற சோலின் குஞ்சுதானே? விட்டு வைத்தால் பெரிதாகும் அல்லவா?

இல்லை. ஹோட்டலில் எலுமிச்சையும் வெண்ணெயும் போட்டு வைக்கிற ஈஸ்ட் கோஸ்ட் சோல் வேறு மீன், ஆஸ்ட்ரோகுளோசஸ் பெக்டோராலிஸ். மோசல் பே பக்கம் இழுவைப் படகுகள் பிடிப்பது அதைத்தான். அது அரை மீட்டரைத் தாண்டி வளரும். அதன் முதுகு, வயிற்றுத் துடுப்புகள் வாலோடு சேர்ந்திருக்கும், கருங்கையில் வால் தனியாகத் தெரியும். கருங்கை முழு வளர்ச்சி அடைந்தாலும் ஒரு சாணைத் தாண்டாது. ஆகவே "வளரட்டும், பிறகு பிடிப்போம்" என்ற கணக்கு இதற்குப் பொருந்தாது.

எந்த இடத்தில் இருக்கும்?

இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல ஆசை. மீனைக் காட்டாமல் அது கிடைத்த தரையைக் காட்டினால்கூடப் பாதி பதில் சொல்லிவிடலாம் என்பது என் கருத்து.

கருங்கைக்குப் பிடித்தது சேறு, அல்லது சேறும் பொடி மணலும் கலந்த தரை. காலை வைத்தால் கணுக்கால் வரை இறங்கும், எடுத்தால் அழுகிய முட்டை வாடை லேசாக வரும், அந்த மாதிரி இடம். தண்ணீர் கலங்கலாக இருக்கும். கேப் சோலுக்கு நேர்மாறாகச் சுத்தமான மணல் பிடிக்கும், அதனால் அதைக் கழிமுக வாய்க்கு அருகே, அலை வந்து கழுவிவிட்டுப் போகிற மணல் திட்டுகளில் தேட வேண்டும். ஒரே கழிமுகத்தில் இரண்டும் இருக்கும், ஆனால் ஒரே பாய் விரித்துப் படுப்பதில்லை. நடுவில் கலப்புத் தரை இருந்தால் அங்கே இரண்டும் வரலாம், அதனால் தரையை மட்டும் நம்பிப் பெயர் வைக்காமல் துடுப்பையும் பாருங்கள்.

டர்பனில் துறைமுக விரிகுடா இருக்கிறதே, அதைக் கப்பலும் கிரேனும் மட்டும் என்று நினைக்கிறோம். உள்ளே நடுவில் மணல் திட்டுகள் இருக்கின்றன, பேஹெட் மூலையில் அலையாத்திக் காடு மிச்சம் இருக்கிறது. 1860-இல் ட்ரூரோ கப்பலில் மதராசிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்களும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் ஒப்பந்தம் முடிந்ததும் ஒரு பகுதியினர் கரும்பை விட்டுவிட்டு இந்த விரிகுடாவில்தான் கரைவலை இழுத்தார்கள். சாலிஸ்பரி தீவில் நம்மவர்களின் மீனவக் குடியிருப்பே இருந்தது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடற்படைக்காக அப்புறப்படுத்தப்பட்டது. அந்த வலைகளில் மடவையோடும் இறாலோடும் இந்தக் குட்டி நாக்கு மீன்களும் வந்திருக்கும், யாரும் கணக்கு எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

நகருக்கு வடக்கே உம்ங்கேனி ஆற்று வாய், அதன் ஓரத்தில் பீச்வுட் அலையாத்திக் காப்பகம். பார்க்க அருமையான இடம், ஆனால் அது காப்பகம், அங்கே எதையும் பிடிக்கவோ எடுக்கவோ கூடாது. இன்னும் வடக்கே போனால் ம்டுன்சினியில் ம்லாலசி ஆறு, ரிச்சர்ட்ஸ் பே, கடைசியில் செயின்ட் லூசியா.

நேரம் என்றால் வற்று. நீர் வடிந்து சேற்றுத் திட்டு தலைகாட்டத் தொடங்கும்போது வாய்க்கால்களின் ஓரத்தில், முழங்காலுக்குக் கீழே தண்ணீர் இருக்கும் இடத்தில் பாருங்கள். நேரே தேடினால் மீன் தெரியாது. இரண்டு சின்னக் கண் மேடு, அதன் பக்கத்தில் சேறு லேசாக மூச்சு விடுவது போல் அசையும், அதுதான் செவுள். நிழல் விழுந்தால் ஒரு புழுதிக் கோடு கிளம்பும், மீன் நான்கு அடி தள்ளி மறுபடி படுத்திருக்கும். கிளம்பிய இடத்தைப் பார்க்காதீர்கள், புழுதி முடிகிற இடத்தைப் பாருங்கள்.

கழிமுகத்திலேயே பிறந்து வளர்கிறதா?

முட்டை இடுவது கடலில். குஞ்சுகள்தான் கழிமுகத்துக்குள் வந்து வளர்கின்றன. வெளியே துகேலா திட்டு என்ற ஆழமில்லாத சேற்றுக் கடல் இருக்கிறது, பெரிய மீன்கள் அங்கே. இறாலுக்கு இழுவலை போடும்போது இவையும் சேர்ந்து வரும். இப்போது அங்கே ஒரு பகுதி 2019-இல் அறிவிக்கப்பட்ட உதுகேலா கடல் பாதுகாப்புப் பகுதிக்குள் வருகிறது.

கடலுக்கும் கழிமுகத்துக்கும் நடுவில் வாசல் திறந்திருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். நம் கரையில் பாதிக் கழிமுகங்களுக்கு மேல் மணல் அடைத்து மூடிக்கொள்ளும், மழை வந்தால் உடையும். செயின்ட் லூசியா 2002-இலிருந்து பல வருடம் பெரும்பாலும் மூடியே கிடந்தது. வறட்சி, அதோடு உம்ஃபோலோசி ஆற்றைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தனியாகத் திருப்பிவிட்டது. 2007 மார்ச்சில் கமேடே புயலின் அலை வந்து உடைத்தது, சில மாதத்தில் மறுபடி அடைத்துக்கொண்டது. 2021 ஜனவரியில் இயந்திரம் வைத்துத் திறந்தார்கள், அது சரியா தவறா என்று இன்னும் சண்டை போகிறது. நான் அந்தச் சண்டைக்குள் போகவில்லை. மீனின் பக்கத்திலிருந்து பார்த்தால், வாய் மூடியிருக்கும் வருடத்தில் புதுக் குஞ்சு உள்ளே வராது, உள்ளே வளர்ந்தது வெளியே போய் முட்டையும் இடாது.

இரண்டு கண்ணும் எப்படி ஒரே பக்கம் வந்தது?

முட்டையிலிருந்து வரும்போது சாதாரண மீன்தான், பக்கத்துக்கு ஒரு கண். மேல் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும். கொஞ்ச நாளில், ஒரு சென்டிமீட்டர் அளவு ஆவதற்குள், இடது கண் தலை உச்சியைத் தாண்டி வலப்பக்கம் நகர ஆரம்பிக்கும். மண்டை எலும்பும் கூடவே திருகும். அது முடியும் சமயத்தில் தரையில் இறங்கிப் படுத்துவிடும். கீழே போன பக்கம் நிறம் இழந்து வெள்ளையாகிவிடும்.

என்ன தின்கிறது?

சேற்றில் உள்ள புழுக்கள், பொடி இறால் இனங்கள், மட்டிகள். இதில் மட்டி விஷயம்தான் வேடிக்கை. பென்சில் பெய்ட் தெரியுமா? தூண்டில்காரர்கள் கம்பி விட்டு எடுப்பார்களே, நீளமாக, பென்சில் கனத்தில் ஓடு உள்ள மட்டி, சோலன் இனம். அது சேற்றுக்குள் செங்குத்தாக நின்றுகொண்டு மூச்சு விடவும் இரை எடுக்கவும் ஒரு சதைக் குழாயை மட்டும் மேலே நீட்டும். செயின்ட் லூசியாவில் கருங்கை மீன்களின் வயிற்றைத் திறந்து பார்த்தபோது அந்தக் குழாயின் நுனிகள் நிறைய இருந்தன. மட்டி முழுசாக இல்லை, நுனி மட்டும். மீன் நுனியைக் கடித்துக்கொண்டு போகும், மட்டி சாகாமல் கீழே இறங்கிவிடும், நுனி மறுபடி வளரும். கோணல் வாய் எதற்கு என்று கேட்டால் இதற்கும்தான்.

அதனால் பென்சில் பெய்ட் துளைகள் தெரியும் சேற்றுத் திட்டில் கருங்கையைத் தேடுவது வீண் போகாது. சிலர் அந்தத் துளைகளில் உப்பைக் கொட்டி ஒரு திட்டையே காலி செய்துவிடுகிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. எடுக்க நாள் வரம்பு இருக்கிறது, அனுமதிச் சீட்டு வாங்கும்போது தரும் கையேட்டில் போட்டிருக்கும்.

வெறுங்காலோடு சேற்றில் இறங்கலாமா? பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

கருங்கை ஒன்றும் செய்யாது. அதன் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் ஆபத்து. திருக்கை அதே சேற்றில் புதைந்து கிடக்கும், வாலில் முள். பார்டெயில் ஃபிளாட்ஹெட் என்கிற தட்டைத் தலை மீனும் அப்படித்தான், செவுள் ஓரத்தில் முள் உண்டு. இதையும் சிலர் தட்டையாக இருப்பதால் சோல் என்று அனுப்புகிறார்கள், கண்கள் தலையின் இரண்டு பக்கமும் ஒழுங்காக இருந்தால் அது நாக்கு மீனே இல்லை. பழைய கேன்வாஸ் ஷூ போட்டுக்கொள்ளுங்கள், காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடங்கள், திருக்கை தானே விலகிப் போகும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

செயின்ட் லூசியாவில் இறங்கவே இறங்காதீர்கள். முதலை, நீர்யானை, ஸாம்பெசி சுறா மூன்றும் இருக்கின்றன. ம்லாலசியிலும் ரிச்சர்ட்ஸ் பே பக்கமும் முதலை உண்டு. அங்கெல்லாம் கரையிலிருந்தோ படகிலிருந்தோ பார்ப்பதோடு சரி.

டர்பனில் வேறு தொல்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு சாக்கடைக் குழாய்களும் சுத்திகரிப்பு நிலையங்களும் உடைந்து, ஆறுகள் வழியாகக் கழிவு கடலுக்கு வந்தது, கடற்கரைகளை மூடித் திறந்து மூடினார்கள். மாநகராட்சி நீர்த்தர அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போங்கள். பெருமழை பெய்தால் அடுத்த சில நாள் போகாமல் இருப்பது நல்லது, எப்படியும் தண்ணீர் கலங்கி ஒன்றும் தெரியாது.

அனுமதி வேண்டுமா?

மீன் பிடிப்பதென்றால் வேண்டும். 1998-ஆம் ஆண்டு கடல்வாழ் வளச் சட்டத்தின்படி பொழுதுபோக்காகத் தூண்டில் போடவும் சீட்டு வாங்க வேண்டும், தபால் நிலையத்தில் கிடைக்கும், இணையத்திலும் எடுக்கலாம். வீச்சு வலைக்கும் மட்டி, இறால் போன்ற தூண்டில் இரை எடுப்பதற்கும் தனித்தனி வகை. தூண்டில் சீட்டை வைத்துக்கொண்டு வலை வீசினால் அபராதம் போடுவார்கள். பார்த்துப் படம் எடுக்க மட்டும் என்றால், காப்பகமாக இல்லாத இடத்தில், ஒன்றும் வேண்டாம்.

சாப்பிடலாமா? எங்கள் பாட்டி பொரிப்பாராம்.

நஞ்சு இல்லை. மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி மொறுமொறுவென்று பொரித்தால் முள்ளோடு கடிக்கலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் சதை என்று பார்த்தால் என்ன இருக்கிறது, ஒரு குடும்பத்துக்கு ஒரு வாளி வேண்டும். நகரத்துக் கழிமுகத்துச் சேற்றில் படுத்துக் கிடந்த மீனை நான் சட்டிக்குக் கொண்டுபோக மாட்டேன், கன உலோகமும் சாக்கடையும் முதலில் போய்த் தங்குவது சேற்றில்தான். நாக்கு மீன் குழம்பு வேண்டுமென்றால் சந்தையில் பெரியதாக வாங்குங்கள். புரட்டாசி விரதம் முடியட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு இது சொல்லத் தேவையில்லை.

வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா?

வேண்டாம். உயிரோடு அசைகிற இரை கேட்கும், தரையில் மென்மையான சேறு கேட்கும், கண்ணாடித் தொட்டியில் வைத்தால் சேற்றுக்குள் போய்விடும், நீங்கள் பார்ப்பது வெறும் சேற்றைத்தான்.

சரி, அடையாளம் காண எந்த மாதிரிப் படம் அனுப்ப வேண்டும்?

மேலிருந்து முழு மீன் ஒன்று, துடுப்பை விரித்து அருகில் ஒன்று, வால் ஒன்று, திருப்பிப் போட்டுக் கீழ்ப்பக்கத் தலை ஒன்று. பக்கத்தில் அளவுகோல் இல்லையென்றால் 5 ரேண்ட் நாணயத்தை வையுங்கள், அதன் விட்டம் 26 மில்லிமீட்டர், அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். விரலை அளவுக்கு வைக்காதீர்கள், உங்கள் விரல் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அப்புறம் தரையையும் ஒரு படம் எடுங்கள். ஒரு பிடி சேற்றை உள்ளங்கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்து, நறநறவென்றிருக்கிறதா வழவழவென்றிருக்கிறதா என்று ஒரு வரி எழுதினால் இன்னும் நல்லது.

தட்டு வெயிலில் கிடக்க வேண்டாம். டர்பன் ஜனவரி வெயிலில் கால் அங்குலத் தண்ணீர் நிமிஷத்தில் சூடாகிவிடும். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், காய்ந்த கை சளியை உரித்துவிடும். எடுத்த இடத்திலேயே தண்ணீருக்குள் கையைத் தாழ்த்தி விடுங்கள், மேலிருந்து எறிய வேண்டாம்.

படத்தை வேறு எங்காவது போடலாமா?

உயிரினப் படங்களைப் போட்டு அடையாளம் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் போடுங்கள், தென்னாப்பிரிக்க மீன் தெரிந்தவர்கள் அங்கே பார்த்துச் சொல்வார்கள். அந்தத் தளம் முதலில் தானாகக் காட்டும் பெயரை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள், தட்டை மீனில் அது அடிக்கடி தடுக்கி விழும். இடத்தைத் துல்லியமாகக் குறியுங்கள், "டர்பன்" என்று மட்டும் போட்டால் சேற்றுத் திட்டா, மணல் வாயா என்று யாருக்கும் தெரியாது. துடுப்பு சரியாகத் தெரியாத படமாக இருந்தால் சோல் குடும்பம் என்ற அளவில் நிறுத்திவிடுங்கள். அதுவும் சரியான பதில்தான்.

செத்த மீன் கிடைத்தது, வைத்திருக்கவா?

கெட்டுப்போகவில்லை என்றால் துடுப்பு மடங்காமல் ஒரு பிளாஸ்டிக் பையில் தட்டையாகப் போட்டு, தேதி, இடம், தரை மூன்றையும் பென்சிலால் ஒரு சீட்டில் எழுதி உள்ளேயே வைத்து உறைபெட்டியில் போடுங்கள். பேனா மை கரைந்துவிடும். மகாண்டாவில் உள்ள நீர்வாழ் உயிரிப் பன்மய நிறுவனத்தில் நாட்டின் பெரிய மீன் சேகரிப்பு இருக்கிறது, டர்பனில் உஷாக்கா கடல் பூங்காவோடு சேர்ந்த கடலாய்வு நிலையம் இருக்கிறது. முதலில் படத்தை அனுப்பிக் கேளுங்கள், வேண்டும் என்றால் அவர்களே எப்படி அனுப்புவது என்று சொல்வார்கள். வீட்டில் உறைபெட்டியைத் திறக்கிறவர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், இல்லையென்றால் குழம்பில் போய்விடும்.